சொல்லாமல் போனவர்களின் டப்பா

— அது மேல உக்காராத. பெட்டி உடைஞ்சிடும்.

— உக்காந்தாத்தான் சித்தி மூடும். இந்த உடம்ப வேற எதுக்கு வளர்த்தேன்? நான் அழுத்தறேன், நீங்க ஜிப்ப இழுங்க.

— வேணாம்னா வேணாம். நீ இறங்கு. போய் உன் வேலையப் பாரு. மேஜை மேல அது கத்திட்டே இருக்கு.

— கத்தல, அழுவுது. சர்வர் மறுபடி படுக்கப் போகுதுன்னு லேப்டாப் முன்கூட்டியே ஒப்பாரி வைக்குது.

— நேத்துத்தானே எழுப்பி விட்டே?

— தினமும்தான் எழுப்பறேன். காலையில நல்ல புள்ளையா ஓடும். சாயங்காலம் ஆகறதுக்குள்ள ஊதிப்போய் உக்காந்துடும்.

— ஊதிப்போய்னா?

— மெமரி சித்தி. புரோகிராம் வேலை செய்யறப்போ சாமான் பரப்பி வைக்கற இடம். வேலை முடிஞ்சா எடுத்து ஒதுக்கிடணும். என்னோடது ஒதுக்காம சேத்து சேத்து வெச்சுக்குது. இடம் தீந்ததும் பொத்துனு விழுந்துடும். அப்புறம் ஊர்ல பஸ்ஸுக்குக் காத்திருக்கற அத்தனை பேரும் பஸ் எங்க வருதுன்னு தெரியாம போன்ல வெறும் வெள்ளைப் பக்கத்தப் பாத்துட்டு நிப்பாங்க.

— எழுதினவங்களத் திட்டுவாங்க.

— எழுதினது நான்தான்.

— தெரியும். அதனாலதான் நான் திட்டல.

— அடடா. போற அன்னைக்கா இப்படி அன்பாப் பேசணும்? வண்டி எப்ப வரும்?

— மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி. அக்கா அங்க சமைச்சு வெச்சிருப்பா.

— உங்க அக்கா சமையலுக்கா இந்த வீட்ட விட்டுப் போறீங்க? போன தடவை அவங்க வீட்டுல சாப்பிட்டுட்டு அப்பா ரெண்டு நாள் பேசவே இல்ல.

— உங்கப்பா நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் பேச மாட்டார். அந்தத் துண்ட எடு.

— இந்தாங்க. நிஜமா எதுக்கு சித்தி போறீங்க?

— சொன்னேனே. அக்காவுக்கு முட்டி வலி, தனியாக் கெடக்கா. உங்கப்பா போயி வருஷம் திரும்பப் போகுது. இனிமே இங்க நான் இருந்து என்ன ஆகணும்? நீயும் உன் இஷ்டப்படி இருக்கலாம்.

— நான் இப்பவே இஷ்டப்படிதான் இருக்கேன். இஷ்டப்படி எழுதித்தான் சர்வருக்கு இந்தக் கதி.

— அது கெடக்கட்டும். உன் நீலச் சட்டையத் தேச்சு அலமாரியில வெச்சிருக்கேன். குளியலறைக் குழாய அழுத்தித் திருகாத, பிச்சிக்கும். பின்கதவு தாழ்ப்பாள் ரெண்டு தரம் தள்ளினாத்தான் விழும்.

— அத இருபது வருஷமா நான்தான் சித்தி தள்ளிட்டிருக்கேன்.

— நீ தள்ளிட்டுப் போனப்புறம் நான் வந்து சரியாத் தள்ளுவேன்.

— அப்படியா? இத்தனை நாள் நான் என்னைக் கெட்டிக்காரின்னு... இருங்க, போன் வருது. ஆபீஸ் அண்ணன். ஸ்பீக்கர்ல போடறேன், கை வேணும். சொல்லுங்க அண்ணே. பக்கத்துல எங்க சித்தி இருக்காங்க, நாக்கப் பாத்துப் புரட்டுங்க.

— வணக்கம் சித்தி. தங்கச்சி, விஷயம் என்னன்னா, மேனேஜர் என் நாற்காலியச் சுத்திப் பிரதட்சிணம் பண்றாரு. இன்னைக்குச் சாயங்காலமும் விழுந்துச்சுன்னா பஸ் ஆபீஸ்காரங்க வேற கம்பெனியப் பாத்துக்குவாங்களாம்.

— சேத்து வெச்சிருந்த மேப்பையெல்லாம் எடுத்துப் பாத்தீங்களா?

— எடுத்தாச்சு. அது நிரபராதி. பாவம், நேத்துப் பூரா அதப் போட்டு அடிச்சோம்.

— அப்ப லாக், அந்த நடப்புப் பதிவேடு?

— அதுவும் இல்ல. விஷயம் என்னன்னா, நீ சொன்ன மாதிரியே ரெண்டு படம் எடுத்தேன். எது எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு காலையில ஒண்ணு, இப்ப ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. ஒண்ணு மட்டும் பெருத்திருக்கு.

— எது?

— டப்பா. முழுக்க டப்பா. எல்லாம் ரொம்பி வழியுது.

— என்ன டப்பா?

— அது ஒண்ணுமில்ல சித்தி. யாராவது போன்ல பஸ் எங்கன்னு பாக்கத் திறந்தா, அவங்களுக்குன்னு சர்வர்ல ஒரு டப்பா வெப்போம். பஸ் நகர நகர, 'இங்க இருக்கு, இப்ப இங்க இருக்கு'ன்னு டப்பாவுல சீட்டு போட்டுட்டே இருப்போம். போன் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டும். பாத்து முடிச்சு மூடினதும் டப்பாவத் தூக்கிடணும்.

— தூக்கலையா?

— தூக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கேன்.

— அப்ப தூக்கிடுமே.

— உங்களுக்கு என் மேல இருக்கற நம்பிக்கை, நான் எழுதற பைத்தான் மொழிக்கு இல்ல சித்தி.

— சித்தி சொல்றது நியாயந்தான். பைத்தானே குப்பை அள்ளும்ல?

— அள்ளும் அண்ணே. அதத்தான் யோசிக்கறேன்.

— குப்பை அள்ளறதா? அதுக்கு ஆள் இருக்கா உள்ள?

— இருக்கார் சித்தி. கூப்பிடவே வேண்டாம், தானா வந்து அள்ளிட்டுப் போவார். ஆனா ஒரு கொள்கை வெச்சிருக்கார். ஒரு சாமான யாராவது ஒருத்தர் இன்னும் கையில பிடிச்சிட்டிருந்தா அதத் தொட மாட்டார்.

— ஒருத்தர் போதுமா?

— ஒருத்தர் போதும்.

— யாரும் பிடிக்கலேன்னா?

— கேள்வியே கெடையாது. போயிடும்.

— ஆகட்டும். நேர்மையான ஆளு.

— ஏன் சித்தி என்னை அப்படிப் பாக்கறீங்க?

— உன்னை யார் பாத்தா? உன் தலைக்கு மேல இருக்கற மணியப் பாத்தேன்.

— தங்கச்சி, அப்ப டப்பாவ எவனோ பிடிச்சிட்டிருக்கான்.

— எவனும் இல்ல அண்ணே. நம்ம லிஸ்ட்டேதான். யார் யாருக்குச் சீட்டு போடணும்னு வெச்சிருக்கோமே, அது. டப்பாவ அதுல இருந்து நீக்கற வரி கடைசியில... இருங்க. அந்தப் பக்கத்தத் திறக்கறேன். ... ஐயோ.

— என்னாச்சு?

— என்னம்மா, சுட்டுக்கிட்டியா?

— இல்ல சித்தி. என் எழுத்த நானே படிச்சேன். அதுக்கு அந்தச் சத்தம்தான் வரும். அண்ணே, நீக்கற வரிய எங்க வெச்சிருக்கேன் பாருங்க. சீட்டு போடற வேலை ஒழுங்கா முடிஞ்சாத்தான் அதுக்கே போகும். நடுவுல இணைப்பு அறுந்துச்சுன்னா அந்த வரியத் தொடவே தொடாது.

— அட ஆமா. ரெண்டு மாசம் முன்னாடி நீ இத மாத்தி எழுதினப்போ நான்தானே சரின்னு பாத்துக் கையெழுத்துப் போட்டேன்?

— நீங்கதான். 'பிரமாதம்'னு வேற எழுதியிருக்கீங்க.

— விஷயம் என்னன்னா, அன்னைக்கு எனக்குப் பசி.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்.

— 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுக் கிளம்பறவங்க டப்பாவ எடுத்துடறேன் சித்தி. சொல்லாம கொள்ளாம போனவங்க டப்பா அப்படியே நிக்குது. ஆள் இல்லேன்னு தெரியாம நான் பாட்டுக்குச் சீட்டு போட்டுட்டே இருக்கேன். வீட்டக் காலி பண்ணிட்டுப் போனவங்க வாசல்ல பேப்பர்காரர் தினமும் பேப்பர் போடற மாதிரி.

— எல்லாரும் சொல்லிட்டுத்தான் போவாங்கன்னு நெனச்சியா?

— நெனச்சேன்.

— உங்கப்பா சொல்லிட்டா போனாரு? சரி, விடு. வாய் தவறி வந்துடுச்சு.

— இல்ல சித்தி. சரியாத்தான் கேட்டீங்க. அண்ணே, ஒரு நிமிஷம், மாத்தி அனுப்பறேன். சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, சண்டை போட்டுக் கதவ அறைஞ்சுட்டுப் போனாலும் சரி, எடுத்துடுன்னு. 'ஃபைனலி'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

— ஒரு வார்த்தையா? ரெண்டு மாசமா நாம பட்ட பாட்டுக்கு ஒரு வார்த்தையா?

— சொல்லாம விட்ட ஒரு வார்த்தைக்கு ரெண்டு மாசம் கம்மி அண்ணே. அனுப்பிட்டேன், பாருங்க.

— வந்துச்சு, ஏத்தறேன். ஏறட்டும். அதுக்குள்ள ஒரு வேடிக்கை கேளு. டப்பாவெல்லாம் பிரிச்சுப் பாத்தேன். ஊர்ல எத்தனை பஸ் ஓடுது? ஆனா தேங்கிக் கெடக்கறது முக்காவாசியும் ஒரே பஸ்ஸுக்கு.

— எதுக்கு?

— ஆஸ்பத்திரி வழியா பாலம் தாண்டிப் போகுமே, அது. நீ வர்ற பஸ்ஸுதான்.

— அந்த பஸ்ஸ அவ்வளவு பேரா பாக்கறாங்க? ஏறினா எனக்கு எப்பவும் ஜன்னல் சீட்டு கெடைக்குதே.

— அவ்வளவு பேர் இல்ல தங்கச்சி. விஷயம் என்னன்னா, ஒரே ஆளு. ஒரே ஒரு பழைய டேப்லெட்டு. மூடிய மூடினா மூச்சுப் பேச்சில்லாம அறுந்துடுது, திறந்தா புது டப்பா. நாள் பூரா ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஆச்சுன்னா திறக்கறதும் மூடறதும் திறக்கறதும் மூடறதும். நேத்துச் சாயங்காலம் வெச்ச டப்பாதான் இப்ப வரைக்கும் ரொம்பிட்டிருக்கு. எவனோ வேலையத்தவன்.

— என்னைக்கு இருந்து?

— பழைய பதிவேட்டப் பாத்தா ரொம்ப நாளாவே இருக்கு. முன்னாடி சாயங்காலத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. போன வருஷம் மழை முடிஞ்சதுல இருந்துதான் இந்த வெறி. ஒண்ணு பண்ணவா? எதுக்கும் இருக்கட்டும்னு அந்த டேப்லெட்ட மட்டும் உள்ள விடாம தடுத்துடவா?

— வேணாம்.

— ஒரு நொடி வேலைதான்.

— வேணாம் அண்ணே. அது எந்த டேப்லெட்டு?

— அதுதான் சிரிப்பு. முதல் வருஷம் நமக்கெல்லாம் ஆபீஸ்ல குடுத்தாங்களே, அந்த ஓட்டை டேப்லெட்டு. என்னோடத என் பையன் தண்ணித் தொட்டியில போட்டுட்டான். உன்னோடது எங்க?

— அப்பாவுக்குக் குடுத்தேன்.

— ஓ.

— சித்தி, எங்க போறீங்க?

— அடுப்படிக்கு. வேலை இருக்கு.

— அடுப்படிய நீங்க விடியக்காலையிலயே தொடச்சுக் கவுத்து வெச்சாச்சு. அப்பாவோட டேப்லெட் எங்க சித்தி?

— இருக்கும் எங்கயாவது.

— எங்க?

— விஷயம் என்னன்னா... விஷயம் ஒண்ணுமில்ல. தங்கச்சி, நான் டீ குடிச்சிட்டு அப்புறம் கூப்பிடறேன். சித்தி, வரேங்க. சொல்லிட்டேன்.

— வெச்சுட்டார். இப்பச் சொல்லுங்க.

— பெட்டியில இருக்கு.

— எந்தப் பெட்டியில? இதுலயா? என்னை உக்கார விடலையே, அதுக்கா?

— அடியில வெச்சிருக்கேன். நீ பாட்டுக்கு யானை மாதிரி உக்காந்தா கண்ணாடி என்னத்துக்கு ஆகும்? கேக்காம எடுத்தது தப்புதான். வேணும்னா எடுத்துக்கோ.

— அப்பா ஞாபகமா எடுத்தீங்களா?

— அவர் ஞாபகத்துக்கு டேப்லெட்டு எதுக்கு? மூக்குக் கண்ணாடி இருக்கு, செருப்பு இருக்கு.

— அப்புறம்? உங்க அக்கா ஊருக்கு நம்ம பஸ் வராது சித்தி.

— வர வேண்டாம். நீ ஆஸ்பத்திரி தாண்டிட்டியா, பாலம் ஏறிட்டியான்னு அங்க இருந்தும் தெரியும்ல? தெரியாதா?

— தெரியும். எங்க இருந்தும் தெரியும். அப்படித்தான் எழுதியிருக்கேன்.

— அதான் எடுத்தேன்.

— சித்தி, அப்ப தினமும் சாயங்காலம் திறக்கறதும் மூடறதும்...

— நான்தான். உன் கம்ப்யூட்டர நான்தான் கவுத்தேன்னு வெச்சுக்கோ. எனக்கென்ன தெரியும், ஒவ்வொரு தரம் எட்டிப் பாக்கறப்பவும் அங்க ஒரு டப்பா வைக்கறேன்னு?

— எதுக்கு அத்தனை தரம்? பஸ் வர்ற நேரந்தான் உங்களுக்குத் தெரியுமே.

— பஸ் வந்துடும். நம்ம நிறுத்தத்துல புள்ளி நின்னு, அப்புறம் நகந்து போயிடும். அங்க இருந்து வீட்டுக்குப் பால் பொங்கற நேரந்தான். நீ வர மாட்டே. சரி, அடுத்த பஸ்ஸோன்னு மறுபடி பாப்பேன். அதுவும் போயிடும். அதுக்கடுத்ததும் பாப்பேன். இருட்டினப்புறம் நீ வருவே. 'பஸ்ல கூட்டம் சித்தி'ம்பே. ஒரு நாள் கெளம்பி வந்தே பாத்துட்டேன். நிறுத்தத்துல அந்த சிமெண்ட்டு பெஞ்சுல உக்காந்திருந்தே. போன்கூடப் பாக்கல, சும்மா. உங்கப்பாவக் கட்டிக்கிட்டு நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, பள்ளிக்கூடம் விட்டப்புறம் வாட்ச்மேன் ஸ்டூல்ல அப்படித்தானே உக்காந்திருப்பே? வீட்டுக்கு வர மனசில்லாத புள்ள உக்காந்திருக்கறது எனக்குத் தெரியாதா? அப்பவாவது உங்கப்பா இருந்தாரு, அவருக்காக வந்தே. இப்ப நான் மட்டும் இருக்கேன். நான் போயிட்டா நேரா வீட்டுக்கு வருவேல்ல?

— அதுக்கா போறீங்க? முட்டி வலி?

— அவளுக்கு முட்டி வலி முப்பது வருஷமா இருக்கு.

— சித்தி, நான் உங்களுக்குப் பயந்து அங்க உக்காரல. ஸ்டூல்ல உக்காந்தது நெசம். அப்ப எனக்குப் பத்து வயசு, நீங்க என் தலையில எண்ணெய் வைக்க வந்தீங்க. பெஞ்சு வேற கதை.

— என்ன கதை?

— அப்பா அங்கதான் வந்து நிப்பார். தெரியுமே உங்களுக்கு. நான் வேலைக்குச் சேந்த வருஷத்துல இருந்து, எந்த பஸ்ல வந்தாலும், எவ்வளவு லேட்டானாலும், இறங்கறப்போ அந்த பெஞ்சுகிட்ட நிப்பார். சட்டைப் பட்டன மாத்திப் போட்டுட்டு, ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தொங்க, பெரிய ராஜா மாதிரி. ஒரு நாள்கூட முந்தினதில்ல, பிந்தினதில்ல. இப்ப இறங்கினா பெஞ்சு மட்டும் இருக்கு. உடனே தாண்டி வர முடியல. கொஞ்சம் உக்காந்துட்டு வரேன். அவ்வளவுதான்.

— இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— நீங்க சொன்னீங்களா? பொட்டிய அடைச்சுட்டு முட்டி வலிங்கறீங்க. அப்பாகிட்ட நான் ஒரு தரம் கேட்டேன், 'எப்படிப்பா கரெக்டா வர்றீங்க'ன்னு. 'நீ பாலம் தாண்டினா என் வலது கண்ணு துடிக்கும்'னார். நான் அத ஆபீஸ் பூரா சொல்லி வெச்சிருக்கேன். எங்கப்பாவுக்கு சர்வர் வேண்டாம், கண்ணு போதும்னு.

— கண்ணு துடிக்கும்னா சொன்னாரு?

— ஆமா.

— ம்.

— என்ன ம்? ... இருங்க, போன். வண்டிக்காரர். ஹலோ. ஆமாங்க, நாங்கதான் கூப்பிட்டோம். வாசல்லயா? ஒரு நிமிஷம். சித்தி, வந்துட்டார்.

— என்ன சொல்லப் போறே?

— அத நீங்கதான் சொல்லணும். ஆனா ஒரு விஷயம். நான் மாத்தினது சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும்னா, அந்த டேப்லெட்ட இங்க வெச்சு யாராவது திறந்து திறந்து மூடணும். ஊர்லயே அந்தப் பழக்கம் உள்ள ஆளு நீங்க ஒருத்தர்தான்.

— எத்தனை நாளைக்கு?

— இது லீக் சித்தி, ஒழுகற குழாய் மாதிரி. நின்னுடுச்சான்னு ஒரு நாள்ல ரெண்டு நாள்ல சொல்ல முடியாது. ரொம்ப நாள் பாக்கணும். வருஷக்கணக்காகூட ஆகலாம்.

— டேப்லெட்ட எடுக்கணும்னா மேல இருக்கற துணியெல்லாம் எடுக்கணுமே.

— எல்லாத்தையும் எடுங்க.

— மடிச்சது கலைஞ்சிடும்.

— கலையட்டும். நான் மடிக்கறேன்.

— நீ மடிச்ச லட்சணம் எனக்குத் தெரியும். ... அவர ஏன் வெயில்ல நிறுத்தி வெச்சிருக்கே? போகச் சொல்லு.

— ஹலோ, மன்னிச்சுக்கங்க. இல்லைங்க, பயணம் இல்ல. ஆமா, சும்மா அலைய விட்டுட்டோம். வாசல்லயே இருங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க, கொண்டு வரேன். ... சித்தி, ஆபீஸ் அண்ணன் மெசேஜ் அனுப்பியிருக்கார். மெமரி அளவக் காட்டற கோடு மலை மாதிரி ஏறிட்டு இருந்ததுல்ல, படுத்துடுச்சாம். தரையோட தரையா போகுதாம். சித்திக்கு ஒரு கும்பிடுன்னு போட்டிருக்கார்.

— எனக்கு எதுக்கு? கவுத்ததே நான்தானே. இந்தா, பிடி. கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல.

— உறை கூடத் தெச்சுப் போட்டிருக்கீங்களே. இது என் பழைய பள்ளிக்கூடச் சட்டைத் துணியாச்சே.

— கிழிஞ்சு கெடந்தது. வீணாப் போகணுமா?

— சரி, நாளைக்கு நான் நேரா வரேன். முயற்சி பண்றேன். பெஞ்சப் பாத்தா கால் நிக்கும், அதுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல. அப்பாவுக்குத் துடிச்ச மாதிரி கண்ணு துடிக்கற ஆளு இனிமே எங்க கெடைக்கும்?

— உங்கப்பாவுக்குக் கண்ணும் துடிக்கல, காதும் துடிக்கல. டேப்லெட்டத் திறக்கவே அவருக்குத் தெரியாது. 'பாலம் தாண்டிட்டா, எந்திரிங்க'ன்னு பட்டனக்கூட ஒழுங்காப் போட விடாம தினமும் அவர வாசலுக்குத் தள்ளிவிட்டது யாருன்னு நெனச்சே?